குறைமாதக் குழந்தைக்கு முதல் கண் பரிசோதனை: தேதியை எப்படிக் கணக்குப் போடுவது?

உசிலை_நர்ஸ்:

எங்கள் எஸ்.என்.சி.யு.வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்புக் கவனிப்புப் பிரிவு) இப்போது மூன்று குறைமாதக் குழந்தைகள். இரண்டு பேர் இந்த வாரம் வீட்டுக்குப் போகிறார்கள், ஒருவர் இன்னும் வார்மரில் (சூடு தரும் படுக்கை). டிஸ்சார்ஜ் சீட்டில் ஆர்.ஓ.பி. (குறைமாதக் குழந்தைக்கு வரும் விழித்திரை நோய்) பரிசோதனைத் தேதி எழுதுவதில் ஷிஃப்டுக்கு ஒரு கணக்கு ஓடுகிறது. ஒருவர் பிறந்ததிலிருந்து 30 நாள் என்கிறார், இன்னொருவர் கர்ப்பக் கணக்கில் 34 வாரம் நிரம்பட்டும் என்கிறார்.

குழந்தை 1: 28 வாரக் கர்ப்பத்தில் பிறந்தது, 1,040 கிராம், இன்று 19-வது நாள். மூக்கு வழியாக ஆக்சிஜன் போகிறது.
குழந்தை 2: 33 வாரம், 1,780 கிராம், 16-வது நாள். தாய்ப்பால் மட்டும், எடை ஏறுகிறது.
குழந்தை 3: 35 வாரம், 2,150 கிராம், 12-வது நாள். ஆறு நாள் சிபாப் (மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று), ரத்தத்தில் கிருமி, ஒரு தடவை ரத்தம் ஏற்றியது.

இன்னும் இரண்டு சந்தேகம். பாப்பா (கண்ணின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) விரிய விடும் சொட்டு மருந்து எங்களிடம் ட்ரோபிகமைட் 0.8%, ஃபீனைல்எஃப்ரின் 5% கலந்ததுதான் இருக்கிறது. அப்படியே விடலாமா? போன தடவை சொட்டு விட்ட பிறகு ஒரு குழந்தைக்கு வயிறு உப்பிக்கொண்டது. அடுத்து ஆக்சிஜன்: இரண்டு வார்மர்களுக்கு பிளெண்டர் (ஆக்சிஜனையும் காற்றையும் கலக்கும் கருவி) கிடையாது. என்ன செய்யலாம்?

திருமங்கலம்_வார்டு:

எல்லாருக்கும் 30 நாள் என்றே எழுதிவிடுங்கள் சிஸ்டர். ஒரே விதி என்றால் மறக்காது.

விழித்திரை_மதுரை:

30 நாள் என்பது கடைசி எல்லை. எல்லாருக்கும் அதையே எழுதினால் குழந்தை 1 மாட்டிக்கொள்ளும்.

நம் ஊர் அளவுகோல் இது: பிறப்பு எடை 2,000 கிராமுக்குக் கீழ், அல்லது 34 வாரத்துக்குக் கீழ் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் பரிசோதனை உண்டு. 34 முதல் 36 வாரத்துக்குள் பிறந்திருந்து ஆக்சிஜன், சிபாப், வென்டிலேட்டர், செப்சிஸ் (ரத்தத்தில் கிருமி), ரத்தம் ஏற்றியது, எடை ஏறாதது என்று ஏதாவது இருந்தால் அவர்களுக்கும் உண்டு. முதல் பரிசோதனை பிறந்து நான்கு வாரத்துக்குள். ஆனால் 28 வாரத்துக்குக் கீழ் பிறந்தாலோ 1,200 கிராமுக்குக் கீழ் இருந்தாலோ இரண்டிலிருந்து மூன்று வாரத்துக்குள். அமெரிக்காவில் 1,500 கிராம், 30 வாரம் என்று கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டை இங்கே வைத்தால், 1,700, 1,800 கிராம் குழந்தைகளில் கண் போகிறவர்களைத் தவற விடுவோம். நம் பக்கம் பெரிய குழந்தைக்கும் நோய் முற்றுகிறது.

ஆகவே குழந்தை 1 எடையாலேயே சீக்கிரம் பார்க்க வேண்டிய பட்டியலில் வந்துவிட்டது. 21-வது நாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. வெளியே அனுப்ப முடியாது, எனவே கண் மருத்துவர் வார்மர் பக்கத்துக்கே வர வேண்டும், அல்லது அகலக் கோணக் கேமராவில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். குழந்தை 2-க்கு 28-வது நாளுக்கு முன். குழந்தை 3-ஐ 35 வாரம், 2 கிலோவுக்கு மேல் என்று விட்டுவிடாதீர்கள். சிபாப், கிருமி, ரத்தம் மூன்றும் இருக்கிறது, நான்கு வாரத்துக்குள் பார்த்தே ஆக வேண்டும். 34 வாரம் நிரம்பட்டும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? விழித்திரையில் ரத்தக்குழாய் கர்ப்பத்தின் 16-வது வாரம் வாக்கில் நரம்பு முனையிலிருந்து கிளம்புகிறது. மூக்குப் பக்க ஓரத்தை 36-வது வாரத்திலும், காதுப் பக்க ஓரத்தை 40-வது வாரத்திலும் தொடும். பெரியாறு கால்வாய்த் தண்ணீர் மேலூர்க் கடைமடைக்குப் போய்ச் சேருகிற மாதிரிதான். 28 வாரத்தில் பிறந்தால் தண்ணீர் பாதி வழியில் நிற்கிறது. வெளியே வந்ததும் ஆக்சிஜன் கூடிவிடுகிறது, அம்மாவிடமிருந்து வந்த வளர்ச்சிக் காரணிகள் நின்றுவிடுகின்றன, குழாய் வளர்வதும் நிற்கிறது. இது முதல் கட்டம், சத்தமே இருக்காது. கர்ப்பக் கணக்கில் 32, 34 வாரம் ஆகும்போது விழித்திரைக்குப் பசி எடுக்கிறது. காய்ந்து கிடக்கும் கடைமடை விஇஜிஎஃப் என்ற பொருளைச் சுரந்து ரத்தம் கேட்கிறது. அப்போது குழாய்கள் வழக்கமான பாதையில் போகாமல் கரையை உடைத்துக்கொண்டு கண்ணின் நடுக்கூழுக்குள் தாறுமாறாக வளர்கின்றன. அந்தக் குழாயும் தழும்பும் சுருங்கும்போது விழித்திரை உரிந்து வருகிறது.

எனவே இரண்டு கணக்கையும் நோட்டில் வையுங்கள். பிறந்த நாள் கணக்கு முதல் தேதியைக் குறிக்க. கர்ப்பக் கணக்கு, அதாவது பிறந்த வாரத்தோடு வயதைக் கூட்டியது, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்ள. குழந்தை 1-க்கு இன்று 30 வாரம் 5 நாள்.

என்ஐசியூ_அனுபவம்:

சொட்டு மருந்தைப் பற்றி நான் சொல்கிறேன். அந்த பாட்டிலை அப்படியே விடாதீர்கள். 5% ஃபீனைல்எஃப்ரின் ஒரு கிலோ குழந்தைக்கு அதிகம். பாதுகாப்புப் பொருள் சேர்க்காத லூப்ரிகன்ட் சொட்டோடு சரிக்குச் சரி கலந்தால் 0.4%, 2.5% ஆகும். அன்றன்றைக்குக் கலக்கி, லேபிளில் நேரம் எழுதி, மாலையில் மீதியைக் கொட்டிவிடுங்கள். நேற்றுக் கலந்ததை இன்று எடுத்தால் கண்ணில் கிருமியைத்தான் விடுகிறோம். அட்ரோபின் வேண்டாம்.

ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு, 10 முதல் 15 நிமிட இடைவெளியில், இரண்டு அல்லது மூன்று தடவை. பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்கினால் போதும். சொட்டு விட்டதும் மூக்கோரக் கண் முனையைச் சுத்தமான பஞ்சால் மெதுவாக ஒரு நிமிடம் அழுத்துங்கள், வழிந்ததைத் துடையுங்கள். நீங்கள் சொன்ன வயிறு உப்பியதற்கு விடை இங்கேதான் இருக்கும். கண்ணில் விட்ட மருந்து கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் சேர்கிறது. ரத்த அழுத்தம் ஏறும், குடல் ஓட்டம் மந்தமாகும், மூச்சு நிற்கவும் கூடும். கன்னத்தில் வழிவதும் தோல் வழியாக உள்ளே போகும். ஆனாலும் குறைமாதக் குழந்தைக்கு வயிறு உப்பினால் சொட்டு மருந்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்காதீர்கள், குடல் அழற்சி இல்லையென்று பார்த்துவிடுங்கள்.

மூன்று சொட்டு விட்டும் பாப்பா விரியவில்லை என்றால் நான்காவது, ஐந்தாவது என்று போகாமல் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். நோய் தீவிரமாக இருக்கும்போது கருவிழிப் படலத்திலும் குழாய் புடைத்துப் பாப்பா விறைத்துப்போகும். விரியாததே ஒரு தகவல்.

முந்தைய ஒரு மணி நேரம் பால் வேண்டாம், இல்லாவிட்டால் பரிசோதனையில் அழும்போது வாந்தி எடுத்துப் புரை ஏறும். துணியில் கையோடு சுற்றுங்கள். ஸ்பெக்குலம் (இமையைத் திறந்து வைக்கும் கருவி) வைப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் பீய்ச்சிய தாய்ப்பால் இரண்டு சொட்டு, அல்லது 24% சுக்ரோஸ் நாக்கில். மரத்துப்போக ப்ரோபராகெயின் 0.5% ஒரு சொட்டு. பல்ஸ் ஆக்சிமீட்டர் காலில் மாட்டியபடியே இருக்க வேண்டும், ஆம்பு பை (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) கைக்கெட்டும் தூரத்தில். கண்ணை அழுத்தும்போது இதயத் துடிப்பு சட்டென்று விழும். விழுந்தால் அழுத்துவதை நிறுத்தச் சொல்ல நர்ஸுக்கு உரிமை உண்டு, தயங்க வேண்டாம். அன்று முழுவதும் மூச்சு நிற்கிறதா என்று கவனியுங்கள், இரவு ஷிஃப்டுக்கும் ஒப்படைப்பில் சொல்லுங்கள்.

ஸ்பெக்குலமும் அழுத்தும் கருவியும் ஒரு குழந்தைக்கு ஒரு செட். எட்டுக் குழந்தைக்கு இரண்டு செட் வைத்துக்கொண்டு ஸ்பிரிட்டில் துடைத்தால் ஒரு வாரத்தில் வார்டு முழுக்கக் கண் சிவந்துவிடும்.

ஆக்சிஜன் நீளமான விஷயம், தனியாக எழுதுகிறேன்.

உசிலை_நர்ஸ்:

நன்றி சிஸ்டர், மூக்கோரத்தை அழுத்தும் பழக்கம் எங்களிடம் இல்லை. இன்று முதல் செய்கிறோம். டாக்டர், போன மாதம் பார்த்த வேறு இரண்டு குழந்தைகளின் சீட்டில் இப்படி இருக்கிறது. ஒன்றில் "இரு கண்ணும் ஸோன் 2, ஸ்டேஜ் 2, ப்ளஸ் இல்லை, 1 வாரம்". இன்னொன்றில் "ஸோன் 2, ஸ்டேஜ் 3, ப்ளஸ், லேசர்". வீட்டில் ஊசி போட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

என்ஐசியூ_அனுபவம்:

ஆக்சிஜனுக்கு வருகிறேன். ஆக்சிஜன் மருந்துதான், டோஸ் உண்டு. ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு சாச்சுரேஷன் (ஆக்சிமீட்டர் காட்டும் ரத்த ஆக்சிஜன் சதவீதம்) 91 முதல் 95. அலாரம் கீழே 89, மேலே 96. குழந்தை வெறும் காற்றில் 99 காட்டினால் அது அதன் சொந்தச் சம்பாத்தியம், விடுங்கள். ஆக்சிஜன் கொடுத்து 99, 100 காட்டினால்தான் ஆபத்து. 95-க்கு மேல் அந்த மீட்டர் குருடு: திரையில் 100 என்று இருக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100-ஆகவும் இருக்கலாம், 300-ஆகவும் இருக்கலாம்.

அதற்காக 85-க்கு இறக்குவதும் கூடாது. 1950-களில் ஆக்சிஜன்தான் காரணம் என்று தெரிந்ததும் எல்லா இடத்திலும் கண்மூடித்தனமாகக் குறைத்தார்கள். கண் பிழைத்தது, குழந்தைகள் இறந்தன, மூளை பாதிக்கப்பட்டது. 2010-ல் வந்த பெரிய ஆய்விலும் 85–89-ல் வைத்த குழுவில் கண்நோய் குறைந்தது, சாவு கூடியது.

பிளெண்டர் இல்லாத வார்மரில் சிபாப் போட்டால் குழந்தைக்குப் போவது 100%. லிட்டரைக் குறைத்தால் அளவு குறையும், செறிவு குறையாது. மருத்துவக் காற்றுக் குழாயோ கம்ப்ரஸரோ இருந்தால் இரண்டு ஃப்ளோமீட்டரையும் ஒய் கனெக்டரில் சேர்க்கலாம். கணக்கு எளிது: ஆக்சிஜன் லிட்டரை 100-ஆல் பெருக்கு, காற்று லிட்டரை 21-ஆல் பெருக்கு, கூட்டு, மொத்த லிட்டரால் வகு. ஆக்சிஜன் 1, காற்று 4 என்றால் 184-ஐ 5-ஆல் வகுக்க, ஏறத்தாழ 37%. ஆக்சிஜன் 2, காற்று 4 என்றால் 47%. இந்த அட்டவணையை ஒரு தாளில் எழுதி வார்மரில் ஒட்டிவிடுங்கள். கம்ப்ரஸரும் இல்லை என்றால் மிகச் சிறிய குழந்தையைப் பிளெண்டர் உள்ள வார்மருக்கு மாற்றுங்கள், பெரிய குழந்தை இடம் மாறட்டும்.

பிரசவ அறையில் ஆம்பு பையின் வாலில் இருக்கும் ரிசர்வாயரைக் கவனியுங்கள். அது மாட்டியிருந்தால் 90-க்கு மேல், கழற்றினால் சுமார் 40%, ஆக்சிஜன் குழாயையே எடுத்துவிட்டால் 21%. 32 முதல் 34 வாரத்தில் பிறந்தவருக்கு 21 முதல் 30%-ல் தொடங்குவதுதான் முறை. பிறந்த ஐந்தாவது நிமிடத்தில் 80–85 இருந்தாலே சரி, அதைப் பார்த்துப் பதறி ஏற்றக் கூடாது.

வழக்கமாக நடக்கும் தப்பு ஒன்று. மூச்சு நின்றது, சாச்சுரேஷன் 70. கையோடு ஆக்சிஜனை ஏற்றுகிறோம், குழந்தை மீண்டுவிடுகிறது, ஏற்றியதை இறக்க மறந்துவிடுகிறோம். ஒரு மணி நேரம் 100-ல் கிடக்கிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் விழித்திரைக்கு மிக மோசம். ஏற்றிய கையே இறக்கும்வரை அங்கே நிற்க வேண்டும். 108-ல் மதுரைக்கு அனுப்பும்போதும் இதே கதைதான். உசிலம்பட்டியிலிருந்து போகும் நேரம் முழுக்கச் சிலிண்டர் திறந்தபடி இருந்தால், கூடப் போகிறவருக்கு ஆக்சிமீட்டர் ஒன்று கொடுத்தாக வேண்டும்.

விழித்திரை_மதுரை:

சீட்டை இப்படிப் படியுங்கள். ஸோன் என்றால் ரத்தக்குழாய் எதுவரை வந்திருக்கிறது என்பது: 1 நடுவிலேயே நிற்கிறது, 3 கிட்டத்தட்ட ஓரம் தொட்டுவிட்டது. எண் சிறியதாக இருந்தால் ஆபத்து பெரிது. ஸ்டேஜ் என்றால் எல்லையில் என்ன நடக்கிறது என்பது: 1 மெல்லிய கோடு, 2 மேடு, 3 மேட்டின் மேல் புதுக் குழாய், 4 விழித்திரை ஓரளவு உரிந்தது, 5 முழுக்க உரிந்தது. ப்ளஸ் என்றால் நடுவில் உள்ள குழாய்களே புடைத்துப் பாம்பு போல நெளிகின்றன. எனக்குச் சீட்டில் முதலில் கண் போவது ப்ளஸ் இருக்கிறதா என்பதில்தான்.

போன மாதச் சீட்டுகளில் முதல் சீட்டுக் குழந்தைக்கு இப்போது சிகிச்சை தேவையில்லை. ஸ்டேஜ் 1, 2 பெரும்பாலும் தானாக அடங்கும். ஆனால் அந்த "1 வாரம்" 7 நாள்தான், 10 நாள் ஆகாது. இரண்டாவது சீட்டுக் குழந்தை 48 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் லேசர் மேசையில் இருக்க வேண்டும். ஸோன் 1-ல் ப்ளஸ் இருந்தால் எந்த ஸ்டேஜாக இருந்தாலும், ஸோன் 1-ல் ஸ்டேஜ் 3 என்றால் ப்ளஸ் இல்லாவிட்டாலும், ஸோன் 2-ல் ஸ்டேஜ் 2 அல்லது 3 ப்ளஸோடு இருந்தாலும் இதே விதிதான். தீவிரமாகப் பாயும் வகை ஒன்று உண்டு, ஏ-ஆர்.ஓ.பி. என்பார்கள். அது ஸ்டேஜ் ஸ்டேஜாக ஏறாது, சில நாளில் நேராக உரிவதற்குப் போய்விடும். குழந்தை 1 போன்றவர்களை மூன்று வாரத்துக்குள் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

லேசர் என்றால் ரத்தம் போய்ச் சேராத பகுதியைச் சுடுவது. பசியோடு கத்துகிற இடம் இல்லாமல் போனால் விஇஜிஎஃப் நின்றுவிடும். ஒரு கண்ணுக்கு ஆயிரம், இரண்டாயிரம் புள்ளிகள், ஒன்றுக்கொன்று அரைப் புள்ளி இடைவெளியில். இடையில் விட்டுப்போன திட்டு இருந்தால் நோய் அங்கிருந்தே கிளம்பும். ஆகவே ஒரு வாரத்தில் திரும்பப் பார்த்து, விட்டதை நிரப்ப வேண்டும். முந்தைய மூன்று மணி நேரம் பால் கூடாது, ஹீமோகுளோபின் பார்த்திருக்க வேண்டும், குழந்தை மருத்துவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இமை வீக்கமும் சிவப்பும் இரண்டு மூன்று நாள் இருக்கும்.

கண்ணுக்குள் போடும் ஊசி விஇஜிஎஃப்-ஐ நேரடியாக அடைக்கிறது. பெவாசிசுமாப் என்றால் 0.625 மில்லிகிராம், ரானிபிசுமாப் என்றால் 0.2 மில்லிகிராம் வரை. ஸோன் 1-க்கும் ஏ-ஆர்.ஓ.பி.க்கும், லேசரைத் தாங்காத அளவு உடம்பு மோசமான குழந்தைக்கும் ஊசிதான் கைகொடுக்கிறது. ஐந்து நிமிட வேலை, பலனும் இரண்டு மூன்று நாளில் தெரியும். ஆனால் மருந்து தீர்ந்ததும் நோய் திரும்பி வரலாம், அதுவும் பல வாரம் கழித்து. கர்ப்பக் கணக்கில் 65 வாரம்வரை, அதாவது நிறைமாதத் தேதியைத் தாண்டி ஆறு மாதம்வரை விடாமல் வர வேண்டும். என் கருத்து: ஸோன் 2 நோய்க்கு, திரும்பி வருவார்களா என்று சந்தேகம் உள்ள குடும்பத்துக்கு, லேசர்தான் பத்திரம். ஊசி போட்ட பிறகு சீழ், இமை வீக்கம், கருவிழி வெளுப்பு ஏதாவது தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே வர வேண்டும்.

ஸ்டேஜ் 4-ல் அறுவை சிகிச்சை செய்து ஓரளவு பார்வையைக் காப்பாற்றலாம். ஸ்டேஜ் 5-ல் விழித்திரையை ஒட்டினாலும் பெரும்பாலும் வெளிச்சம் தெரிவதோடு நின்றுவிடும்.

ஆப்டோமெட்ரி_அண்ணாநகர்:

வீட்டாரிடம் பேசுவது பற்றி. "பாப்பா நல்லா முழிச்சுப் பாக்குதே, எதுக்குக் கண்ணாஸ்பத்திரி?" என்பதுதான் பாட்டிகளின் முதல் கேள்வி. ஸ்டேஜ் 3 வரை வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் ஒன்றும் தெரியாது என்று அப்பத்தாவிடமே நேராகச் சொல்லுங்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை, வண்டி கூப்பிடும் முடிவு அவரிடம் இல்லை. கண்ணின் நடுக் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகு வந்தால் செய்வதற்கு அதிகம் மிச்சமிருக்காது.

தேதியை "ஒரு மாதத்தில் காட்டவும்" என்று எழுதாதீர்கள். நாள், கிழமை, இடம், எத்தனை மணி, எத்தனை மணிக்கு மேல் பால் கொடுக்கக் கூடாது என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், உங்கள் நோட்டிலும் அதே வரி இருக்கட்டும். 1996-ல் சென்னையில் 29 வாரத்தில் பிறந்து பார்வை இழந்த ஒரு குழந்தைக்காக, பரிசோதனை பற்றிச் சொல்லாததற்கு, 2015-ல் உச்ச நீதிமன்றம் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அந்த ஒரு வரி எழுதியிருந்தால் வழக்கே இல்லை.

30 நாள் தீட்டு கழியாமல் குழந்தையை வெளியே எடுக்க மாட்டோம் என்பார்கள். வாதம் செய்யாமல், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குத் தீட்டுக் கணக்கு இல்லை என்று வி.எச்.என். (கிராமச் சுகாதாரச் செவிலியர்) அக்காவை வைத்துச் சொல்ல வையுங்கள், எடுபடும். கண் மை, விளக்கெண்ணெய் எதுவும் கண்ணில் போடக் கூடாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் அதற்கு முன்பின் நாளிலும் தேதி கொடுக்காதீர்கள். ஆரப்பாளையத்திலிருந்து ஊருக்குள் வண்டி நகராது, அந்த அப்பாயின்ட்மென்ட் விழுந்தது விழுந்ததுதான். செலவு பற்றிக் கேட்டால், ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தை நலத் திட்டத்தின் பட்டியலில் இந்த நோய் உண்டு. அந்தத் திட்டத்தின் மாவட்ட மையமான டி.இ.ஐ.சி. மூலம் கடிதம் வாங்கிவிடுங்கள்.

லேசர் ஆனதும் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். கிட்டப்பார்வை, மாறுகண், சோம்பேறிக்கண் பிறகு வரும். நோய் அடங்கிய குழந்தைக்கும், லேசரே தேவைப்படாதவருக்கும் ஒரு வயதுக்குள் கண்ணாடிப் பவர் பார்க்க வேண்டும், பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. ஒரு வயதுக் குழந்தைக்குக் கண்ணாடியா என்று சிரிப்பார்கள். காதுக் கம்பிக்குப் பதில் எலாஸ்டிக் பட்டை வைத்த ஃப்ரேம் கிடைக்கிறது, பிடுங்கி எறியாது.

உசிலை_நர்ஸ்:

குழந்தை 1-க்கு நாளைக் காலை 11 மணிக்கு வார்மரிலேயே பரிசோதனை, 10 மணிக்கு முதல் சொட்டு. பிளெண்டர் உள்ள வார்மருக்கு மாற்றிவிட்டோம். கடைசியாக ஒன்று: ஆறாவது வாரத் தடுப்பூசியையும் கர்ப்பக் கணக்குப்படி தள்ள வேண்டுமா?

என்ஐசியூ_அனுபவம்:

வேண்டாம் சிஸ்டர். தடுப்பூசிக்குப் பிறந்த தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். கண் பரிசோதனை நாளும் தடுப்பூசி நாளும் ஒன்றாக வராமல் மட்டும் பாருங்கள். மறுநாள் மூச்சு நின்றால் எதனால் என்று தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.